ஸ்கேனும் பயாப்சியும் எடுத்த பிறகும் நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறார்களே, ஏன்?

அக்காவுக்கு நெஞ்சு ஸ்கேனில் இரண்டு நுரையீரலுக்கும் நடுவே நெறிக்கட்டிகள் பெரிதாகத் தெரிந்தன, மூச்சுக்குழாய் வழியாக ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள், ரிப்போர்ட்டில் "கிரானுலோமா உள்ளது, மற்ற விவரங்களோடு சேர்த்துப் பார்க்கவும்" என்று மட்டும் வந்திருக்கிறது, இவ்வளவும் செய்துவிட்டு ஏன் அலைய விடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பேத்தாலஜிஸ்ட், எடுத்த சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவர். அந்த மாதிரி வரியை எழுதுகிற இடத்தில் இருப்பவள். உங்கள் கோபம் நியாயமானதுதான், ஆனால் அந்த வரி பெரும்பாலும் தட்டிக்கழிப்பு இல்லை. எழுதியவர் "கண்ணாடித் தகட்டில் தெரிவது இவ்வளவுதான், மீதி வேறு இடத்தில் இருக்கிறது" என்கிறார். அந்த வேறு இடம் எது என்று யாரும் உங்களை உட்காரவைத்துச் சொல்லவில்லை. அதுதான் தப்பு.

ஊசியில் வருவது நூல் போன்ற சிறு துண்டு. அதை, சதை கெடாமல் வைத்திருக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு, மெழுகில் பதித்து, 3 அல்லது 4 மைக்ரான் தடிமனுக்குச் சீவுவார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாயம் ஏற்றினால் செல்லின் உட்கரு நீலமாகவும் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். நாங்கள் பார்ப்பது அந்த வடிவங்களைத்தான். நோய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஆனால் உடம்பு அவற்றுக்குக் காட்டுகிற முகம் கொஞ்சம்தான்: வீங்கும், தழும்பாகும், செல்கள் கூட்டமாக வந்து சூழ்ந்துகொள்ளும், கட்டுப்பாடில்லாமல் பெருகும். அதனால் ஒரே முகத்துக்குப் பின்னால் பத்து நோய் இருக்கலாம், அதில் ஒன்று அடிக்கடி வருவது, மற்றொன்று ஒரு மருத்துவர் வாழ்நாளில் இரண்டு முறை பார்ப்பது.

கிரானுலோமா அப்படி ஒரு முகம். அழிக்க முடியாத ஏதோ ஒன்றைச் செல்கள் உருண்டையாகச் சூழ்ந்து நிற்கின்றன என்பதுதான் அதற்கு அர்த்தம். உள்ளே இருப்பது காசநோய்க் கிருமியாக இருக்கலாம், பூஞ்சையாக இருக்கலாம், கிருமி எதுவும் இல்லாமலே உடம்பில் இப்படி உருண்டைகள் உண்டாகும் சார்காய்டோசிஸ் என்ற நோயாகவும் இருக்கலாம். சில சமயம் பக்கத்தில் ஒளிந்திருக்கும் புற்றுநோய்க்கான எதிர்வினையாகக்கூட வரும். உருண்டையின் நடு அழுகிப் பாலாடைக்கட்டி போல இருந்தால் காசநோய் பக்கம் சாய்வோம், இல்லாவிட்டால் சார்காய்டோசிஸ் பக்கம், ஆனால் இரண்டிலும் விதிவிலக்கு உண்டு. கிருமிக்கான சாயம் போட்டுப் பார்த்துக் கிடைக்கவில்லை என்றாலும் கிருமி இல்லை என்று ஆகிவிடாது, ஏனென்றால் அந்தச் சாயத்தில் கண்ணில் படவே ஒரு மில்லியில் ஆயிரக்கணக்கான கிருமிகள் இருக்க வேண்டும். சார்காய்டோசிஸ் என்று அவசரப்பட்டு, நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்து, பிறகு அது காசநோய் என்று தெரிந்தால் நிலைமை மோசமாகிவிடும். பெயர் வைக்கத் தயங்குவது அதனால்தான்.

ஸ்கேன் "எங்கே" என்று சொல்லும், பயாப்சி "என்ன" என்று சொல்லும் என்பார்கள். பாதிதான் உண்மை. எனக்கு அது புரிந்தது ஒரு பையனின் தொடைக்கட்டியில். அனுப்பிய சீட்டில் வயது 15, தொடையில் கட்டி, சார்கோமாவா (எலும்பு, தசை போன்றவற்றில் வரும் புற்று) பார்க்கவும் என்று மட்டும் எழுதியிருந்தது. ஸ்லைடை வைத்தேன். வேகமாகப் பெருகும் செல்கள், நடுநடுவே முதிராத எலும்பு. எலும்புப் புற்று என்றே தோன்றியது, ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையை அடித்தும்விட்டேன். ஏனோ கையெழுத்துப் போட மனசு வரவில்லை, ஸ்கேன் அறைக்கு நடந்து போய் சிடி படத்தைக் காட்டச் சொன்னேன். ரேடியாலஜிஸ்ட் பேனா முனையால் கட்டியின் ஓரத்தைச் சுற்றிக் காட்டினார், முட்டை ஓடு மாதிரி வெளி விளிம்பில் மட்டும் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது, நடு வெறுமையாக இருந்தது. எலும்புப் புற்றில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும், நடுவில்தான் அடர்த்தி. பையனின் அம்மாவிடம் கேட்டோம். ஐந்து வாரத்துக்கு முன்னால் விளையாட்டில் அதே இடத்தில் பலமாக அடிபட்டிருக்கிறது. அது மயோசைடிஸ் ஆசிஃபிகன்ஸ், அடிபட்ட தசையில் எலும்பு வளர்வது, புற்று இல்லை. அந்தக் கட்டியின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துப் பார்த்தால் புற்றுநோய் மாதிரியேதான் இருக்கும், ஊசி அங்கேதான் போயிருந்தது. சில வாரம் கழித்து எடுத்த படத்தில் ஓடு இன்னும் கெட்டியாகியிருந்தது. அந்தக் காலை வெட்டும் பேச்சுகூட அடிபட்டிருந்தது என்று அப்புறம்தான் எனக்குத் தெரியும். இன்றைக்கும் எலும்பும் தசையும் வந்தால் படத்தைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இதற்கு நேர் எதிர் கதையும் உண்டு, மிக அரிதான நோய்களில் அதுதான் அதிகம். எர்டைம்-செஸ்டர் நோய் என்று ஒன்று, 1930-லேயே விவரிக்கப்பட்டது. நோயாளிக்கு வருடக்கணக்கில் முழங்கால் பக்கம் வலி இருக்கும். பயாப்சியில் நுரைத்த மாதிரி செல்களும் தழும்பும் மட்டும் தெரியும், "நாள்பட்ட அழற்சி" என்று எழுதி முடித்துவிடுவார்கள், அந்தத் துண்டை மட்டும் பார்த்தால் அப்படி எழுதியது பொய்யும் இல்லை. ஆனால் முழு உடம்பு எலும்பு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், இரண்டு காலிலும் முழங்காலுக்கு மேலும் கீழும் அச்சில் வார்த்தது போல ஒரே சீராக ஒளிரும். வயிற்று சிடியில் சிறுநீரகத்தைச் சுற்றி முடி முளைத்தது போன்ற ஓரம் தெரியும். இந்தப் படங்களை மனதில் வைத்துக்கொண்டு பழைய ஸ்லைடுக்குத் திரும்பினால் அதே நுரைச்செல்கள் வேறு செய்தி சொல்லும். பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு பிராஃப் என்ற மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் இருக்கிறது, அதற்கென்றே வெமுராஃபெனிப் என்ற மாத்திரைக்கு 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆக, பெயர் கண்டுபிடிப்பது வெறும் பெயருக்காக இல்லை. இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும்: எலும்புத் துண்டைச் சீவ முடியாது என்று கடுமையான அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்குவது வழக்கம், அந்த அமிலம் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும், அப்புறம் மரபணுச் சோதனை செய்யப் பெரும்பாலும் வழி இருக்காது. ஒரு துண்டை மட்டும் அமிலம் படாமல் எடுத்துவைக்க முன்கூட்டியே யாராவது நினைத்திருக்க வேண்டும்.

முன்கூட்டியே நினைப்பது என்பதுதான் மொத்த விஷயமும். அமிலாய்டு என்ற புரதம் படியும் நோயில் சாதாரணச் சாயத்தில் இளஞ்சிவப்பாக ஏதோ பூசினாற்போல் இருக்கும், எளிதில் கண்ணில் தப்பிவிடும். காங்கோ ரெட் என்ற தனிச் சாயம் போட்டு, துருவ ஒளி வடிகட்டியை மெல்லத் திருப்பினால் அந்தப் பூச்சு பச்சை ஆப்பிள் நிறத்தில் பளிச்சென்று எழும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நொடியில் எனக்கு மூச்சு நிற்கும். ஆனால் "இதயச் சுவர் தடித்திருக்கிறது" என்று எக்கோ பார்த்தவர் சீட்டில் எழுதியிருந்தால்தான் அந்தச் சாயம் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். (இதயத்தில் வரும் ஒருவகை அமிலாய்டை, ரத்தத்திலும் சிறுநீரிலும் அசாதாரணப் புரதம் இல்லை என்று உறுதியானால், எலும்பு ஸ்கேனுக்குப் போடும் மருந்தை வைத்தே பயாப்சி இல்லாமல் உறுதிசெய்யலாம். இங்கே ஸ்கேனே "என்ன" என்றும் சொல்லிவிடுகிறது.)

கத்தி பட்டால் கட்டி பரவிவிடும் என்று பயப்படுகிறவர்கள் நிறைய. ஊசிப் பாதையில் பரவுவது மிகக் குறைவு. சார்கோமா மாதிரி சிலவற்றில் மட்டும், பிறகு செய்யப்போகும் ஆபரேஷனில் அந்தப் பாதையையும் சேர்த்து எடுக்கும்படி முதலிலேயே திட்டமிட்டு ஊசி போட வேண்டும். அதைவிட நான் அதிகம் கவலைப்படுவது, நிணநீர்ப் புற்று சந்தேகத்தில் சதை எடுப்பதற்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்துவிடுவதை. கட்டி சுருங்கிவிடும், ஸ்லைடில் படிக்க எதுவும் மிஞ்சாமல் போகலாம்.

சரி, உங்கள் அக்காவுக்கு வருவோம். எடுத்த சதை முழுவதும் ஃபார்மலினில் போனதா, ஒரு பகுதியாவது சலைனில் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, போனதா என்று கேளுங்கள். ஃபார்மலினில் விழுந்ததும் கிருமி செத்துவிடும், பிறகு அதை வளர்க்கவே முடியாது, டிஎன்ஏ சோதனை மட்டும் செய்யலாம், அதுவும் நம்பகம் குறைவு. இந்த ஒரு காரணத்துக்காகவே திரும்ப ஊசி போட்ட நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். கல்ச்சருக்குப் போயிருந்தால் காசநோய்க் கிருமி வளர ஆறு வாரம் வரை ஆகலாம், அந்தக் காத்திருப்பில் தப்பில்லை, இடையில் விரைவு டிஎன்ஏ சோதனை செய்தார்களா என்றும் கேட்கலாம். ரத்தத்தில் கால்சியம் பார்த்தார்களா, கண் மருத்துவரிடம் காட்டச் சொன்னார்களா? சார்காய்டோசிஸ் இந்த இரண்டிலும் தடயம் விடும். படம் பார்த்தவரும் ஸ்லைடு பார்த்தவரும் ஒருமுறை பேசிக்கொண்டார்களா என்று தயங்காமல் கேளுங்கள், அப்படிக் கேட்டால் நாங்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள், பிளாக் இருந்தால்தான் புதிதாகச் சீவி வேறு சாயம் போட முடியும்.

ரிப்போர்ட்டின் கீழ்ப்பக்கத்தில் ஸ்பெஷல் ஸ்டெயின் (கிருமி போன்றவற்றைத் தேடப் போடும் தனிச் சாயங்கள்) என்று ஒரு வரி இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று, அக்காவின் பெயரை மறைத்துவிட்டு, இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.