லிவர்பூல் கூலிக்காரருக்கு ஏன் 15 வயது? பிரிட்டன் பொதுச் சுகாதாரம்: கேள்வி பதில்

பிரிட்டனின் பொதுச் சுகாதார வரலாறு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, 1842-இல் லிவர்பூல் கூலித் தொழிலாளிகள் சராசரியாக 15 வயதில் இறந்தார்கள் என்று படித்தேன். 15 வயதில் செத்தால் கப்பலில் மூட்டை தூக்கியது யார்? (முரளி, ஈரோடு)

எண் நிஜம்தான் தம்பி. எட்வின் சாட்விக் என்ற அரசு அதிகாரி தொழிலாளர்களின் சுகாதாரம் பற்றி அந்த வருடம் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. லிவர்பூலில் இறந்தவர்களின் சராசரி வயது மேல்தட்டுக் குடும்பங்களில் 35, வியாபாரிகள் வீட்டில் 22, கூலிக்காரர் வீட்டில் 15. ஆனால் இது இறந்தவர்களின் வயதைக் கூட்டி வகுத்த கணக்கு. ஒரு வயதில் ஐந்து குழந்தைகளும் 75 வயதில் ஒரு தாத்தாவும் போனால் சராசரி 13 சொச்சம்தான் வரும். அதாவது அந்த 15, பெரும்பாலும் தொட்டிலிலேயே போன பிள்ளைகளின் கணக்கு. வளர்ந்து ஆளானவர்கள்தான் மூட்டை தூக்கினார்கள்.

அதே அறிக்கையில் ரட்லண்ட் என்ற கிராமப்புறப் பகுதியும் வருகிறது. அங்கே கூலிக்காரர் வீட்டுச் சராசரி 38. லிவர்பூல் பணக்காரரைவிட மூன்று வயது கூடுதல்! கணக்கில் கோளாறு இருந்தாலும், நகரத்துச் சாக்கடை பணக்காரரையும் விடவில்லை என்பது அன்றைக்குப் படித்தவர்களுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும்.

கேள்வி: அப்படியானால் சாட்விக் ஏழைப் பங்காளரா?

அய்யோ, இல்லை. உதவி கேட்டு வரும் ஏழைகளைப் பணிவிடுதிக்குள் (வேலை வாங்கிக்கொண்டு சோறு போடும் இடம்) தள்ளிய 1834-ஆம் வருடச் சட்டத்தை வடிவமைத்தவர்களில் அவரும் ஒருவர். அவருடைய கவலை செலவு. சம்பாதிப்பவன் காய்ச்சலில் போனால் அவன் மனைவி மக்களுக்கு ஊர் வரிப்பணத்தில்தான் சோறு போட வேண்டும். அதைவிடச் சாக்கடை கட்டுவது மலிவு என்பது அவர் வாதம். அந்த வாதத்தின் பலனாகத்தான் 1848-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது.

இன்னொரு வேடிக்கை. நாற்றம்தான் நோய் என்று முழுசாக நம்பியவர் அவர். நாற்றம் போனால் போதும் என்று லண்டன் கழிவையெல்லாம் தேம்ஸ் ஆற்றில் அடித்து விட்டார்கள். அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் ஊரில் பலர் குடித்தார்கள். காலரா வராமல் என்ன செய்யும்?

கேள்வி: ஜான் ஸ்நோ குழாயின் கைப்பிடியைக் கழற்றியதும் காலரா நின்றதாமே?

1854, லண்டனில் பிராட் தெரு. அந்தத் தெருக் குழாய்த் தண்ணீரால்தான் காலரா பரவுகிறது என்று சொன்ன டாக்டர்தான் ஸ்நோ. அவர் சொல்லிக் கைப்பிடியைக் கழற்றியது உண்மை, ஆனால் அதற்குள் நோய் தானாகவே தணியத் தொடங்கியிருந்தது. இதை ஸ்நோவே ஒப்புக்கொண்டார். எனக்குப் பிடித்தது பக்கத்திலிருந்த மதுபான ஆலைக் கதை. தொழிலாளிகள் பீர் குடித்தார்கள், ஆலைக்குச் சொந்தக் கிணறும் இருந்தது. அந்தக் குழாய்ப் பக்கமே போகவில்லை, பிழைத்தார்கள்.

கேள்வி: 1948-லேயே எல்லோருக்கும் இலவச மருத்துவம் கொடுத்துவிட்டார்களே, ஏழை பணக்கார வித்தியாசம் போயிருக்க வேண்டாமா? (நான்கு பேர் கேட்டது)

போகும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். 1977-இல் லேபர் கட்சி அரசு சர் டக்ளஸ் பிளாக் என்ற டாக்டரின் தலைமையில் குழு போட்டு விசாரித்தது. அறிக்கை 1980-இல் தயாரானபோது ஆட்சி எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் தலைவர் தாட்சரிடம் போயிருந்தது. கூலி வேலை செய்பவரின் இறப்பு விகிதம் உயர் பதவிக்காரருடையதைப்போலச் சுமார் இரண்டு மடங்கு. வீடு, வருமானம், வேலை ஆகியவற்றைச் சரிசெய்யாமல் மருத்துவமனையை மட்டும் நம்பிப் பயனில்லை என்றது அறிக்கை. அரசு என்ன செய்தது தெரியுமா? ஆகஸ்ட் மாத நீண்ட விடுமுறை நேரம் பார்த்து, தட்டச்சு நகலாக 260 பிரதிகள் மட்டும் வெளியிட்டது. அமைச்சர் முன்னுரையிலேயே 'இவ்வளவு செலவு நடக்காது' என்று கைவிரித்தார். அமுக்கப் பார்த்ததாலேயே அது பிரபலமானது என்பது என் அபிப்பிராயம்.

'ஏழைகள் சிகரெட் பிடிக்கிறார்கள், அதனால் சாகிறார்கள்' என்பவர்களுக்கு வைட்ஹால் ஆய்வைக் காட்டுவேன். 1967-இல் தொடங்கி லண்டன் அரசு ஊழியர்கள் சுமார் 18,000 ஆண்களைக் கவனித்தார்கள். எல்லோரும் ஆபீஸ் வேலை, நிரந்தரச் சம்பளம். பஞ்சைப் பராரி யாருமில்லை. ஆனாலும் கடைநிலை பியூனுக்கு இதய நோயால் சாகும் வாய்ப்பு உயர் அதிகாரியைப்போல மூன்று மடங்கு. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் பாதிக்கு மேல் வித்தியாசம் மிச்சம். படிக்கட்டு மாதிரி, ஒவ்வொரு பதவிக்கும் கீழே இருப்பவருக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல்.

கேள்வி: என் பெரியப்பா அறுபதுகளில் சென்னையிலிருந்து டாக்டராகப் போனார். வேல்ஸில் ஏதோ நிலக்கரி ஊரிலேயே கடைசிவரை இருந்தார். லண்டனுக்குப் போகாதது ஏன் என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். (செல்வி, தாம்பரம்)

அவர் ஒருவர் மட்டுமில்லை செல்வி. வசதியான ஊர்களின் இடங்களை உள்ளூர் டாக்டர்கள் பிடித்துக்கொண்டார்கள். சுரங்க ஊர்கள், ஆலை நகரங்கள், முதியோர் வார்டு, மனநல மருத்துவமனை என அவர்கள் ஒதுக்கியவைதான் இந்தியா, இலங்கை, பாகிஸ்தானிலிருந்து போனவர்களுக்குக் கிடைத்தன. அதே வேல்ஸில், கிளின்கோரக் என்ற சுரங்கக் கிராமத்தில் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் இதற்கு ஒரு விதியே எழுதினார்: எங்கே நோய் அதிகமோ அங்கே நல்ல வைத்தியம் குறைவு. அந்தக் குறையை இட்டு நிரப்பியவர்களில் உங்கள் பெரியப்பாவும் ஒருவர்.

கேள்வி: கிளாஸ்கோவில் ஒரு பேட்டையில் ஆண்களின் ஆயுள் 54, பக்கத்தில் 82 என்பது மெய்யா?

54 கால்டன், 82 லென்சி. 2008-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை சொன்ன எண்கள், மெய்தான். ஒரு சங்கதியைச் சேர்த்துப் படியுங்கள்: கால்டனில் வீடற்றவர்களுக்கான விடுதிகள் இருந்தன. குடியிலும் குளிரிலும் நொந்து வேறு இடங்களிலிருந்து வந்தவர்களின் சாவும் அந்தப் பேட்டைக் கணக்கில்தான் ஏறியது.

கேள்வி: இப்போதாவது இடைவெளி குறைகிறதா?

வைட்ஹால் ஆய்வால் பெயர் பெற்ற மைக்கேல் மார்மட்டிடமே 2010-இல் இங்கிலாந்து நிலவரத்தைக் கேட்டார்கள். பெரிய அறிக்கை கொடுத்தார். 2020-இல் அவரே திரும்பிப் பார்த்தபோது, மிக ஏழ்மையான பத்தில் ஒரு பங்குப் பகுதிகளில் பெண்களின் ஆயுள் முன்பைவிடக் குறைந்திருந்தது. அது வெளியானது பிப்ரவரி மாதம். மார்ச்சில் கொரோனாவுக்காக நாட்டையே பூட்டினார்கள்.