'ரன்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு 'ஓடு' என்பது மட்டும்தான் பொருளா?

இல்லை. ஆனால் 'ஓடு' என்பதைப் பிடித்துக்கொண்டே பாதி தூரம் போய்விடலாம். தமிழிலும் காலே இல்லாதவை எல்லாம் ஓடுகின்றனவே! பஸ் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் 100 நாள் ஓடுகிறது. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'ரன்'தான்.

குழப்பம் வருவது, 'எதை?' என்ற கேள்விக்கு வாக்கியத்தில் பதில் இருக்கும்போது. 'ஷி ரன்ஸ் எ ஹோட்டல்' என்றால் அவர் ஹோட்டல் நடத்துகிறார். இங்கே ஓட்டத்தை மறந்துவிடுங்கள்.

ஒழுகுவதும் பரவுவதும்கூட 'ரன்'தான். 'மை நோஸ் இஸ் ரன்னிங்' என்றால் மூக்கு ஒழுகுகிறது. புதுச் சேலையின் லேபிளில் 'கலர்ஸ் மே ரன்' என்று இருந்தால், சாயம் போகும் என்று அர்த்தம். வெள்ளை வேட்டியோடு சேர்த்து ஊறவைத்துவிடாதீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தேர்தல்தான். அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' செய்கிறார், அதாவது ஓடுகிறார். பிரிட்டனில் அதே வேலைக்கு 'ஸ்டாண்ட்' என்பார்கள். நம் ஊரிலும் தேர்தலில் நிற்கத்தானே செய்கிறார்கள்!

அப்புறம், கூட்டுவினைகள், அதாவது 'ரன்'னோடு 'அவுட்', 'இன்டு' போன்ற சொற்கள் சேர்ந்து வேறு பொருள் தருபவை. 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்' என்றால் பால் தீர்ந்துவிட்டது. 'ஐ ரேன் இன்டு மை டீச்சர்' என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் வழியில் தற்செயலாக ஆசிரியரைப் பார்த்தேன் என்றுதான் பொருள், மோதியதாக நினைக்க வேண்டாம்.

சரி, இறந்தகாலம்? 'ரேன்'. ஆனால் முன்னால் 'ஹேவ்' வந்தால் மறுபடி 'ரன்' ஆகிவிடும். மேலே உள்ள பால் வாக்கியத்தைப் பாருங்கள்.