ஈயச்சொம்பில் ரசம் வைக்கலாமா? ஈயம் விஷம் இல்லையா?

பாட்டி கொடுத்த ஈயச்சொம்பு இருக்கிறது, சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அதில் ரசம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொம்பு சுத்தமான வெள்ளீயமாக (டின்) இருந்தால் தாராளமாக வைக்கலாம். காரீயம் (லெட்) கலந்திருந்தால் ஒருநாள்கூட வேண்டாம்.

குழப்பமே பெயரில்தான். தமிழில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். ரசத்துக்கு உரியது வெள்ளீயம். விஷம் என்று சொல்லப்படுவது காரீயம். அது விலை குறைவு, அதனால் கலப்படம் நடக்கிறது. புளியும் தக்காளியும் சேர்ந்து சூடாகும்போது காரீயம் ரசத்தில் இறங்கும். நிறத்திலோ ருசியிலோ தெரியாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது.

நான் இதை அனுபவத்தில் கற்றேன். அம்மாவின் சொம்பு இருக்க, பெரிதாக ஒன்று வேண்டுமென்று ஒரு பாத்திரக் கடையில் புதிதாக வாங்கினேன். கையில் எடுத்தபோதே கனம் உறுத்தியது. சமையல் தராசில் ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, சொம்பை நூலில் கட்டி முழுக்க மூழ்கவிட்டேன். அடியில் தொடக்கூடாது, உள்ளே காற்றுக் குமிழி நிற்கக்கூடாது. அப்போது தராசு காட்டும் கிராம்தான், கன சென்டிமீட்டரில், சொம்பின் கன அளவு. சொம்பின் எடையை அதால் வகுத்தால் வெள்ளீயத்துக்கு 7.3 வர வேண்டும். காரீயத்துக்கு 11.3. அம்மாவின் சொம்பு 620 கிராம், தராசு காட்டியது 85. சரியாக 7.3. புதியது 700 கிராம், காட்டியது 80. வகுத்தால் 8.75, அதாவது கிட்டத்தட்ட பாதி காரீயம்! அன்றோடு அது சமையலறையை விட்டுப் போனது. திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை, வேறொரு வீட்டு அடுப்புக்குத்தானே போகும்.

இந்தச் சோதனையில் பெரிய கலப்படம்தான் பிடிபடும். கொஞ்சமாகக் கலந்திருந்தால் உலோகப் பரிசோதனைக் கூடத்தில்தான் தெரியும். குழந்தை இருப்பதால் அதையும் செய்துவிடுங்கள்.

நல்ல சொம்பென்றால், புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், வெறும் சொம்பைத் தீயில் வைத்தால் அடி ஓட்டையாகிவிடும். சிறு தீ போதும். நுரை கூடியதும் இறக்கி, மிச்சத்தை எவர்சில்வருக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், பித்தளைக்கு ஈயம் பூசுகிறீர்கள் என்றால் அங்கேயும் இதே கவனம் வேண்டும். பற்றவைக்கிற ஈயத்தில் காரீயம் கலந்திருப்பது சகஜம். வெள்ளீயம்தானா என்று பூசுகிறவரிடம் கேட்டு, பக்கத்திலேயே நின்று பாருங்கள். இண்டாலியம் சட்டியில் புளிக்குழம்பு வைப்பதையும் நிறுத்திவிட்டேன். அந்த வகைப் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து காரீயம் இறங்குவதாக 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே கடைக்காரர்களை எச்சரித்தது. எங்கள் வீட்டில் இப்போது குழம்புக்கு எவர்சில்வரும் மண்சட்டியும்தான், மெருகு பூசாத சட்டி.

ஏற்கெனவே அந்தச் சொம்பில் வைத்த ரசத்தைக் குழந்தை சாப்பிட்டு வந்திருந்தால், சொம்பின் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் சொல்லி, ரத்தத்தில் காரீய அளவு பார்க்கச் சொல்லுங்கள்.