இலங்கையின் வன்னியில் மேட்டுக்காணியில் கருங்காலி வளர்க்கலாமா? எத்தனை ஆண்டில் பலன் கிடைக்கும்?

நெடுங்கேணிப் பக்கம் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி இருப்பதாகவும், அதைத் துப்புரவாக்கிக் கருங்காலி நட்டால் எப்போது வெட்டலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வளர்க்கலாம், பாலை, வீரை, முதிரை ஆகியவற்றோடு சேர்ந்து வன்னிக் காட்டில் இயல்பாக நிற்கும் மரம்தான் அது. ஆனால் வெட்டும் கணக்கை இப்போதே கைவிட்டுவிடுங்கள். கருங்காலியின் கறுப்பு நிறம், வைரம் எனப்படும் இறுகிய நடுமரத்தில் மட்டுமே உண்டு, வெளிமரம் வெளிறிய நிறமானது. இளமரத்தை அறுத்தால் கறுப்பே இராது. வைரம் பாயப் பல பத்தாண்டுகள் செல்லும்; பாய்ந்திருக்கிறதா என்பதை நிற்கும் மரத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்லவும் இயலாது. அண்மைய ஆண்டுகளில் கருங்காலி மாலைக்கு எழுந்த மோகத்தை நம்பி, சில ஆண்டுகளில் காசு பார்க்கலாம் என்று கன்று விற்பவர்களின் பேச்சு இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது. மேலும் இலங்கையில் இது பாதுகாக்கப்பட்ட மரம். சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டவோ ஏற்றிச் செல்லவோ கூடாது.

காணியைத் துப்புரவாக்க வேண்டும் என்பதும் பிழையான தொடக்கமே. கருங்காலிக் கன்று நிழலில் வளர்ந்து பழகியது; தேக்கைப் போல வெட்டவெளியில் வரிசையாக நட்டால் வைகாசி தொட்டு வீசும் சோளகம் என்ற தென்மேற்குக் காற்றில் இலை கருகிவிடும். நான் ஒட்டுசுட்டானில், வீரையும் பாலையும் வெட்டாமல் விட்ட காணித் துண்டொன்றில், அவற்றின் இடைவெளிகளில் இதை நட்டு வளர்க்கிறேன். உங்கள் காணியில் பற்றைக்காடு மட்டும்தான் இருக்கிறது என்றாலும் அதுவே போதுமான நிழல்.

விதை விடயத்தில் அவசரம் தேவை. பழத்தின் அடியில் மரம் போல இறுகிய ஒரு கிண்ணம் ஒட்டியிருக்கும். அதைக் கழற்றிப் பிதுக்கினால் வழுவழுப்பான சதைக்குள் சில விதைகள் வரும். அவற்றைக் கழுவி, வெயிலில் காயவிடாமல், உடனேயே ஊன்ற வேண்டும். போத்தலில் இட்டு அடுத்த மாரிக்கு வைத்திருந்தால் பெரும்பாலும் முளைக்காது. ஆற்று மணலும் காட்டு இலைமக்கும் கலந்த, ஒடுங்கிய நீளமான பொலித்தீன் பைகளே நல்லவை; ஏனெனில் மேலே இரண்டொரு இலை மட்டுமே தெரியும் காலத்தில் ஆணிவேர் பையின் அடியைத் தொட்டுவிடும், குட்டைப் பையில் அது சுருண்டு கொள்ளும், சுருண்ட வேருள்ள கன்று கோடையைத் தாண்டாது. காட்டில் முளைத்த கன்றைப் பிடுங்கி விற்பவர்களிடம் வாங்க வேண்டாம் என்பதற்கும் அறுந்த ஆணிவேரே முதற் காரணம். ஒதுக்குக் காட்டில் பிடுங்குவது குற்றம் என்பது வேறு.

இந்த மரத்தைக் காப்பதுதான் உங்கள் நோக்கமென்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். இதில் ஆண்பூவும் பெண்பூவும் பெரும்பாலும் வெவ்வேறு மரங்களில் பூக்கும்: ஆண்பூ கொத்தாகவும் பெண்பூ தனித்தும் இருக்கும். எது எதுவென்று பூக்கும்வரை தெரியாது. ஆகவே வீட்டு முற்றத்தில் ஒற்றைக் கன்றை அழகுக்கு நட்டால் மரம் மிஞ்சலாம், விதை மிஞ்சாது; காட்டிலும் பெருமரங்கள் வெட்டுப்பட்டுத் தனித்துப்போன மரத்துக்கு இதே நிலைதான். ஒரே தாய்மரத்து விதையை மட்டும் நம்பாமல், கிடைக்கும் மரங்களில் எல்லாம் எடுத்து, அருகருகே பல கன்றுகளாக நடுங்கள். (இதன் உறவான பனிச்சை ஆற்றங்கரைகளில் நிற்கும், அதன் காய்ச்சாற்றில் மீன்வலை தோய்த்த காலம் உண்டு. ஈரம் தேங்கும் மூலை இருந்தால் அங்கே அதை வையுங்கள், கருங்காலியை வேண்டாம்.)

ஐப்பசியில் மழை விழுந்து மண் ஊறியதும், அலவாங்கால் (கடப்பாரையால்) ஆழமாகக் குழி எடுத்து நடலாம். எரு அதிகம் தேவையில்லை, சருகுதான் முக்கியம். முதல் சில கோடைகளில் மட்டும் தண்ணீர் காட்டுங்கள். மாடு நுழையாமல், வெட்டிய கிளைகளை அடுக்கி அலம்பல் வேலி போடுங்கள். ஆவணியில் அயலவர்கள் பற்றைக்குத் தீ வைக்குமுன், காணியைச் சுற்றி நெருப்புத் தாண்டாத அகலத்துக்குச் சருகைக் கூட்டி ஒதுக்கிவிடுங்கள்.