நம் கம்பெனிக்கென்றே எழுதும் மென்பொருள்: கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறோம். நூல் வாங்கி நிட்டிங், டையிங், காம்பாக்டிங் மூன்றையும் வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கிறோம். கட்டிங் முதல் பேக்கிங் வரை எங்களிடமே. கணக்குக்கு டேலி இருக்கிறது, மற்றதெல்லாம் எக்செல்லும் நோட்டும்தான். எங்களுக்கென்றே மென்பொருள் எழுதித் தர ஒரு நிறுவனம் ஆறு லட்சம் கேட்கிறது. "பிற்பாடு எந்த மாற்றம் வந்தாலும் செய்துகொள்ளலாம்" என்கிறார்கள். இதை நம்பி இறங்கலாமா?

பதில்: மென்பொருளில் எதையும் மாற்றலாம் என்பது உண்மைதான். அந்த மாற்றத்தை உங்கள் ஆபீஸ் ஆளே செய்துகொள்ள முடியுமா, அவர்களைக் கூப்பிட வேண்டுமா, கூப்பிட்டால் எத்தனை நாளில் எவ்வளவு செலவில் முடியும் என்பதைத்தான் அவர்கள் சொல்லவில்லை. அதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அதற்கும் முன்னால் உங்கள் பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது. மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களைக் கவனிப்பவர்), கணக்கர், கட்டிங் மாஸ்டர் மூவரையும் ஒரு மதியம் உட்கார வைத்து, கடந்த ஐந்தாறு வருடத்தில் கம்பெனியில் என்னென்ன மாறியது என்று எழுதச் சொல்லுங்கள். வரப்போவதை ஊகிப்பது கஷ்டம். இதுவரை அடிக்கடி மாறிய இடம்தான் பெரும்பாலும் இனியும் மாறும். அந்தப் பட்டியலில் வருகிற இடங்களை மட்டும் நாமே மாற்றிக்கொள்ளும்படி கேட்டால் போதும். எல்லா இடத்திலும் நெகிழ்வு வேண்டும் என்று கேட்டால் விலையும் ஏறும், திரை முழுக்கக் கட்டங்கள் நிறைந்து வேலை செய்பவர்களுக்குக் குழப்பமும் வரும்.

உங்கள் பட்டியலில் வரி கட்டாயம் இருக்கும். ஆயத்த ஆடைக்கு 2025 செப்டம்பர் 21 வரை பீஸ் விலை 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் ஜி.எஸ்.டி. செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. சதவீதத்தோடு விலை வரம்பும் சேர்ந்து மாறியதைக் கவனியுங்கள். சதவீதத்தை மாற்ற ஒரு கட்டம் வைத்துவிட்டு, அந்த 1,000 என்ற எண்ணை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தால், அன்று காலை லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு மென்பொருள்காரருக்குப் போன் அடிக்க வேண்டியதுதான்.

அப்புறம், தேதி. ஆகஸ்டில் 1,800 ரூபாய் ஜாக்கெட்டுக்கு 12 சதவீதம் போட்டு பில் கொடுத்திருக்கிறீர்கள், அக்டோபரில் சரக்கில் கொஞ்சம் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிரெடிட் நோட் பழைய பில்லின் 12 சதவீதத்தில்தான் போக வேண்டும். பொருளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி சதவீதத்தை வைத்து, அதை மாற்றிக்கொண்டே போகிற மென்பொருள் 5 சதவீதம் போட்டுவிடும். பழைய பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தால் அதிலும் 5 என்று வந்து நிற்கும். சரியான அமைப்பில் வரி தனி அட்டவணையாக இருக்கும்: எந்தத் தேதியிலிருந்து, எந்த விலை வரை, எத்தனை சதவீதம். மாற்றம் வந்தால் அட்டவணையில் புதிய பதிவொன்று சேரும், பழையது அப்படியே இருக்கும்.

டெமோ காட்டும்போது இதைச் சோதித்துப் பாருங்கள். வாயால் விளக்கச் சொல்லாதீர்கள். அடுத்த மாதத் தேதி போட்டு, கற்பனையாக ஒரு விலை வரம்பையும் சதவீதத்தையும் உங்கள் கணக்கரே சேர்க்கட்டும். அந்தத் தேதியில் ஒரு பில், பழைய தேதியில் ஒரு பில், பழைய பில்லுக்கு ஒரு கிரெடிட் நோட். மூன்றும் சரியாக வந்தால் எழுதியவர்களுக்குத் தொழில் தெரிகிறது என்று அர்த்தம். "அதை நாங்கள் ஆபீசிலிருந்து மாற்றித் தருவோம்" என்றால் விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

இ-இன்வாய்ஸும் (பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்வது) இதே கதைதான். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று ஆரம்பித்தது, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்துவிட்டது. மூன்று வருடம்கூட ஆகவில்லை. 'நமக்கு வராது' என்று நினைத்து எழுதிய பில்லில் க்யூஆர் கோட் வைக்க இடம்கூட இருக்காது. பில்லின் அச்சு வடிவத்தை நீங்களே மாற்ற முடியுமா என்பதையும் டெமோவிலேயே பாருங்கள்.

வரிக்கு அடுத்தது வேலை நடக்கும் வரிசை. உங்கள் தொழிலில் இதுதான் அதிகம் மாறுவது. ஒரு ஆர்டருக்குக் கட்டிங் முடிந்ததும் நேராகத் தையல். இன்னொன்றுக்கு நடுவில் பிரிண்டிங், எம்பிராய்டரி. வேறொரு பையருக்குத் தைத்து முடித்தபின் கார்மென்ட் வாஷ். இந்த வரிசையை ஸ்டைல் வாரியாக மெர்ச்சண்டைசரே கோத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். கட்டிங் டேபிள் வரை சரக்கு கிலோவில் வரும், அதற்கப்புறம் பீஸ். கிலோ எங்கே பீஸாகிறது, டையிங்கில் எத்தனை சதவீதம் எடை குறையலாம் என்பதை ஸ்டைலுக்கு ஸ்டைல் மாற்ற முடிகிறதா பாருங்கள். ஜாப் ஒர்க் போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கிட்டு வரி கேட்கும் சட்டம். ஆகவே எந்த டி.சி.யில் (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்) போனது, எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாச்சு என்ற அறிக்கை முதல் நாளிலிருந்தே வேண்டும்.

மாறக்கூடாத இடங்களும் உண்டு. போட்ட பில்லை அழிக்கும் வசதியைக் கேட்காதீர்கள். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவு இருந்தாக வேண்டும், அதை அணைக்கவும் முடியக்கூடாது. இதனாலும்தான் சொல்கிறேன், கணக்கை டேலியிலேயே விடுங்கள். புதிய மென்பொருள் சரக்கையும் ஜாப் ஒர்க்கையும் பார்த்துக்கொண்டு, பில் விவரத்தை டேலிக்கு அனுப்பினால் போதும். பேரேட்டை முதலிலிருந்து எழுதித் தருகிறோம் என்று விலையேற்றினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆறு லட்சத்தையும் ஒரே ஒப்பந்தமாகப் போட வேண்டாம். முதலில் டி.சி.யும் ஜாப் ஒர்க் சரக்கும் மட்டும். போன சீசனில் நீங்கள் முடித்த நிஜமான ஆர்டர் ஒன்றை, நூலிலிருந்து கடைசி டி.சி. வரை அதில் ஏற்றிப் பாருங்கள். உங்கள் நோட்டில் இருக்கும் பாக்கியும் திரையில் வரும் பாக்கியும் ஒத்துப்போனால் அந்தப் பகுதிக்குப் பணம் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் ஓட்டிவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். ஓட்டிப் பார்க்கும்போதுதான் உங்களுக்கே உண்மையில் என்ன வேண்டும் என்று தெரியவரும்.

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்கிறோம். மென்பொருளை முழுக்க எங்கள் காசில்தான் எழுதினார்கள். சோர்ஸ் கோட் (மென்பொருளின் மூல நிரல்) கேட்டால் "அது எங்கள் சொத்து" என்கிறார்கள். காசு கொடுத்தவருக்கு உரிமை இல்லையா?

பதில்: நம் ஊரில் பலர் காசு கொடுத்தாலே உரிமை வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரலும் எழுத்துப் படைப்பு மாதிரிதான். உங்கள் சம்பளத்தில் இருக்கும் ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை கம்பெனிக்கு. வெளி நிறுவனம் எழுதினால் உரிமை பொதுவாக அவர்களிடமே இருக்கும். அது உங்களுக்கு மாற, எழுத்தில் கையெழுத்துப் போட்ட ஒப்படைப்பு வேண்டும். அந்தப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே காலத்தைக் கட்டாயம் எழுதுங்கள்.

ஆனால் முழு உரிமைக்காகச் சண்டை போட வேண்டுமா என்று யோசியுங்கள். அவர்கள் பத்து வாடிக்கையாளருக்குப் பயன்படுத்தும் பொதுவான பகுதிகள் அதில் கலந்திருக்கும், அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். உங்களுக்குத் தேவை மூன்று உறுதிமொழி: சோர்ஸ் கோடின் பிரதி ஒன்று எப்போதும் உங்களிடம் இருக்கும், வேறு ஆளை வைத்து அதை மாற்றிக்கொள்ளலாம், இந்த அனுமதியை அவர்கள் திரும்பப் பெற முடியாது. இதைக் கேட்டால் பெரும்பாலும் பேசி முடிக்கலாம்.

பிரதி வாங்கும்போது பென் டிரைவை வாங்கி பீரோவில் வைத்துவிடாதீர்கள். சுத்தமான ஒரு கணினியில், அந்தப் பிரதியையும் உங்கள் டேட்டா பேக்கப்பையும் மட்டும் வைத்து, மென்பொருளை ஓட வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதைச் செய்தபடியே என்னென்ன படிகள் என்று ஒரு தாளில் எழுதித் தரட்டும். அப்படி ஓடாத கோட் இருந்தும் பிரயோஜனமில்லை. சர்வர் கணக்கு, டொமைன் பெயர், எஸ்.எம்.எஸ். அனுப்பும் டி.எல்.டி. பதிவு எல்லாம் கம்பெனியின் பெயரிலும் கம்பெனியின் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். டேட்டாபேஸின் தலைமைக் கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்க வேண்டும். நான் பார்த்த வரையில், ஆள் மாற்ற நினைக்கும்போது கை கட்டிப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்வி: மூன்று லட்சம் கொடுத்து ஒரு வருடமாகிறது. மென்பொருள் பாதியில் நிற்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருளோ சேவையோ வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துகிறவருக்கு விலக்கு உண்டு. தனி ஆளாகக் கடை வைத்திருப்பவர் அந்த வழியில் முயலலாம். ஆள் வைத்து நடத்தும் கம்பெனி என்றால் கஷ்டம். ஏற்றுமதி இறக்குமதி ஆவண வேலைக்கு மென்பொருள் வாங்கிய ஒரு நிறுவனம் நுகர்வோர் ஆகாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

மீதியிருப்பது வக்கீல் நோட்டீஸ், சிவில் வழக்கு, ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பாயம் (ஆர்பிட்ரேஷன்) பற்றிய ஷரத்து இருந்தால் அந்த வழி. ஒப்பந்த வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடக் கெடு உண்டு, ஆறப்போடாதீர்கள். எதை எப்போது தருவதாகச் சொன்னார்கள் என்பதற்கான மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்திகளை இப்போதே எடுத்து வையுங்கள். பாதி வேலையின் சோர்ஸ் கோடைக் கொடுத்தால் மீதிப் பணத்தில் விட்டுக்கொடுத்துச் சமாதானம் ஆகலாமா என்றும் பேசிப் பாருங்கள். வழக்கில் ஜெயிப்பதைவிட அது சீக்கிரம் கைக்கு வரும்.

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம், எட்டுப் பேர் வேலை செய்கிறோம். எங்களுக்கும் தனியாக எழுத வேண்டுமா?

பதில்: வேண்டாம். வாங்கி விற்பதுதான் தொழில் என்றால் தயாராகக் கிடைப்பதே போதும். கூடுதலாக ஏதாவது தேவைப்பட்டால் ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூ கம்யூனிட்டி இரண்டும் இருக்கின்றன; சரக்கு, பில், கணக்கு எல்லாம் பார்க்கும் திறந்த மூல (சோர்ஸ் கோட் எல்லோருக்கும் கிடைக்கும்) மென்பொருள்கள். புதிய கட்டம் சேர்ப்பது, பில் வடிவத்தை மாற்றுவது போன்றவற்றை ஈஆர்பிநெக்ஸ்டில் நிரல் எழுதாமலே செய்யலாம். நிறுவித் தருபவருக்கும் சர்வருக்கும் செலவு உண்டு. ஜோஹோ கிரியேட்டர் மாதிரி சந்தாவில் கிடைப்பதும் இருக்கிறது. அதில் நாம் அமைக்கும் செயலி அவர்கள் தளத்தில்தான் ஓடும் என்பதால், டேட்டாவை மாதாமாதம் எக்செல்லாக இறக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும்.

கேள்வி: மென்பொருள் விலையில் 20 சதவீதம் வருடாந்திரப் பராமரிப்புக்கு என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: அதற்குள் என்ன அடக்கம் என்று தெரியாமல் சொல்ல முடியாது. மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எழுதியதில் உள்ள தவற்றைச் சரிசெய்வது முதல் வருடம் இலவசமாக இருக்க வேண்டும். அரசு விதி மாறுவதால் வரும் திருத்தம், அமலுக்கு வரும் நாளுக்கு முன்பே முடிய வேண்டும், அது பராமரிப்புத் தொகைக்குள்ளேயே அடங்க வேண்டும். நீங்கள் கேட்கும் புதிய வசதிக்குத் தனிக் காசு, அதற்கு ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்ற தொகையை இப்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முதல் இரண்டும் உள்ளே இருந்தால் 20 சதவீதத்தைக் கொடுக்கலாம். போனில் பதில் சொல்வது மட்டும்தான் என்றால் பாதிக்குப் பேசுங்கள். எதுவானாலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. அதில் சேர்ந்திருக்கிறதா, தனியா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.