நிறத்தை விடுங்கள், சல்லடையை எடுங்கள்: மண் பரிசோதனை கேள்வி பதில்

வேளச்சேரி, வீட்டு உரிமையாளர்: ஏழடி ஆழத்தில் கறுப்பு மண் வருகிறது. இது ஈரத்தில் உப்புகிற (வீங்குகிற) களிமண்தானே?

நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது சார். சதுப்பு நில மக்கு கலந்தாலும் மண் கறுக்கும். சிவந்திருந்தும் உப்புகிற களி உண்டு. மண்ணை வகைப்படுத்தும் இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1498 கேட்பது 75 மைக்ரான் சல்லடையில் எவ்வளவு இறங்கியது என்பதைத்தான். பாதிக்கு மேல் இறங்கினால் அது நுண்மண். அதன் பிறகு லிக்விட் லிமிட் (மண் கூழாக ஓடத் தொடங்கும் ஈரப்பத சதவீதம்), பிளாஸ்டிக் லிமிட் (திரியாக உருட்டினால் உதிரத் தொடங்கும் ஈரப்பத சதவீதம்) இரண்டும் வேண்டும்.

ஒரு கணக்கு: லிக்விட் லிமிட் 58, பிளாஸ்டிக் லிமிட் 24 என்றால் இரண்டின் வித்தியாசம், அதாவது பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ், 34. 58-இலிருந்து 20-ஐக் கழித்து 0.73-ஆல் பெருக்கினால் 27.7. இதுதான் ஏ-கோடு, களியையும் வண்டலையும் பிரிக்கும் எல்லை. 34 அதற்கு மேலே இருப்பதால் மண் சிஎச், அதாவது அதிகப் பிளாஸ்டிசிட்டி களி. அதே 58-க்கு இண்டெக்ஸ் 22 வந்திருந்தால் கோட்டுக்குக் கீழே, எம்எச் வண்டல். இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

கிண்டி, மாணவர்: லேப் இல்லாமல் தளத்திலேயே வண்டலையும் களியையும் பிரிக்க முடியுமா?

முடியும் தம்பி. ஈரமண்ணை உள்ளங்கையில் வைத்து, இன்னொரு கையால் பக்கவாட்டில் தட்டு. தண்ணீர் மேலே வந்து பளபளத்து, மண்ணை அழுத்தினதும் பளபளப்பு மறைந்தால் வண்டல். களியில் ஒன்றும் நடக்காது. காய்ந்த கட்டியை விரலால் நசுக்கிப் பார். வண்டல் பொடியாகும், களி முரண்டு பிடிக்கும். இது முதல் கணிப்புதான், ரிப்போர்ட்டில் இதை எழுதக்கூடாது.

திருவான்மியூர், தளப் பொறியாளர்: மணலில் எஸ்பிடி எண் (குழாயை மண்ணில் 30 செ.மீ. இறக்கத் தேவைப்படும் சுத்தியல் அடிகள்) 4 மீட்டரில் 18, 6 மீட்டரில் திடீரென்று 4. மண்ணே இவ்வளவு தளர்வா?

முதலில் போரை, அதாவது சோதனைத் துளையை, சந்தேகப்படுங்கள். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே மணலில் துளையிடும்போது போருக்குள் தண்ணீர் வெளி மட்டத்தைவிடத் தாழ்ந்தால், அடியிலிருந்து நீர் பொங்கி மணலைக் கலக்கிவிடும். அந்தக் கலங்கின மணலைத்தான் அப்புறம் சுத்தியல் அடிக்கிறது. துளையிலிருந்து மண் அள்ளும் பெய்லரை வேகமாக இழுத்தாலும் இதே கதிதான். போரில் தண்ணீரையோ பென்டோனைட் களிக் கரைசலையோ எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே வைத்திருங்கள், துளைச் சுவரைத் தாங்கும் கேசிங் குழாய் சோதனை ஆழத்துக்குக் கீழே போகக்கூடாது. 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து தடையில்லாமல் விழுகிறதா என்று நேரில் நின்று பாருங்கள். முதல் 15 செ.மீ. அடிகளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பக்கத்தில் இன்னொரு போர் போட்டு ஒப்பிடாமல் அந்த 4-ஐ நம்பி டிசைன் செய்யாதீர்கள்.

அண்ணா நகர்: கறுப்பு மண், மூணு மாடி கட்டலாமா?

ஆழம், எஸ்பிடி எண், நீர்மட்டம் மூன்றும் இல்லாமல் பதில் இல்லை.

அம்பத்தூர், லேப் டெக்னீஷியன்: ஃப்ரீ ஸ்வெல் சோதனையில் (மண் தண்ணீரில் எவ்வளவு உப்புகிறது என்று மண்ணெண்ணெயோடு ஒப்பிடுவது) மைனஸ் வருகிறது. மண்ணெண்ணெய்ச் சிலிண்டரில்தான் அளவு அதிகம். தப்பா செய்தோமா?

செய்முறை சரியென்றால் தப்பில்லை. 425 மைக்ரான் சல்லடையில் இறங்கிய மண் பத்துப் பத்து கிராமாக இரண்டு 100 மில்லி சிலிண்டரில் போட்டு, ஒன்றில் வாலை வடிநீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றுக்குமிழ் போகக் கலக்கி, 24 மணி நேரம் விடுகிறோம். அதிகம் உப்பாத களிக்கனிமமான கயோலினைட் நிறைந்த மண் மண்ணெண்ணெயில் திரண்டு, தண்ணீரில் இருப்பதைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் எண் மைனஸ் ஆகும்.

அதே டெக்னீஷியன்: அப்படியானால் இந்த மண் உப்பாது என்று எழுதிவிடலாமே?

கூடாது. கயோலினைட்டும், உப்புகிற களிக்கனிமமான மாண்ட்மோரில்லோனைட்டும் கலந்த மண்ணில் கயோலினைட் மண்ணெண்ணெய்ச் சிலிண்டரில் உப்பலை மறைத்துவிடும். லிக்விட் லிமிட் அதிகமாகவும் ஃப்ரீ ஸ்வெல் குறைவாகவும் வந்தால் இடிக்கிறது என்று பொருள். ஓடோமீட்டரில் (மண்ணை அழுத்திச் சோதிக்கும் கருவி) உப்பும்போது வரும் அழுத்தத்தை அளந்துதான் முடிவு.

தாம்பரம், ஒப்பந்தக்காரர்: வாலை வடிநீருக்குப் பதில் போர்த் தண்ணீர் போதாதா? கட்டடத்துக்குக் கீழே இருப்பதும் அதுதானே?

நல்ல வாதம், ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியாது. போர்த் தண்ணீரில் உப்பு இருந்தால் களியின் வீக்கம் குறையும், எண் சிறிதாகிவிடும். மழை வந்து நல்ல தண்ணீர் இறங்கினால் அதே மண் வேறு மாதிரி நடக்கும். ஃப்ரீ ஸ்வெல்லுக்கு 50, 100, 200 சதவீதம் என்ற எல்லைகள் எல்லாம் வாலை வடிநீருக்கு வைத்தவை.

மடிப்பாக்கம்: சிவப்பு மண், மூணு மாடி கட்டலாமா?

அண்ணா நகருக்குச் சொன்னதேதான். நிறத்தை விடுங்கள்.

குரோம்பேட்டை: பைல் (ஆழத் தூண் அஸ்திவாரம்) போட அடிக்கு என்ன ரேட்?

ஒப்பந்தக்காரர்களிடம் கேளுங்கள், என் துறை இல்லை.

பள்ளிக்கரணை, லேப் உதவியாளர்: லிக்விட் லிமிட்டுக்கு மண்ணை ஓவனில் காயவைக்கலாமா? நேரம் மிச்சமாகும்.

வேண்டாம்மா. 105–110 டிகிரி ஓவன் மண்ணின் ஈரப்பதத்தை அளக்கத்தான். உங்கள் பகுதி மக்கு மண்ணை ஓவனில் காயவைத்தால் லிக்விட் லிமிட் சரிந்து, ஆர்கானிக் மண் சாதாரண மண் மாதிரி காட்டிவிடும். காற்றில் உலர்த்துங்கள். சந்தேகம் இருந்தால் உலர்த்தாமல் ஒன்று, ஓவனில் ஒன்று என இரண்டும் செய்து பாருங்கள். எண் பெரிய அளவில் இறங்கினால் அது ஆர்கானிக்தான். லிக்விட் லிமிட் அளக்கும் காசகிராண்டே கிண்ணம் 10 மி.மீ. உயரத்திலிருந்து விழுகிறதா என்று தினமும் கேஜ் வைத்துப் பாருங்கள், தேய்மானத்தில் அது மாறிவிடும்.