"காபி மட்டும்தான் டாக்டர்": நோயாளிகளின் வேடிக்கைப் பேச்சு பற்றி ஒரு பொது மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எத்தனை முறை கேட்டாலும் சிரிப்பு வரும் பதில் எது?

வெறும் வயிற்றில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வரச் சொன்னால், "ஒண்ணுமே சாப்பிடலை டாக்டர், ஒரு காபியும் ரெண்டு பிஸ்கட்டும் மட்டும்தான்" என்பார்கள். நம் வீடுகளில் காபி சாப்பாட்டுக் கணக்கிலேயே வராதே! அதனால், குறைந்தது 8 மணி நேரத்துக்குத் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது, காபி டீயும் கூடாது என்று விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் அப்பா சுகர் டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பிருந்து இனிப்பையே தொடமாட்டார். உங்களிடமும் இப்படி வருகிறார்களா?

நிறையப் பேர். ஆனால் ஹெச்பிஏ1சி டெஸ்டில் இந்த மூன்று நாள் விரதம் எடுபடாது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வைத்து இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். இதைக் கேட்ட ஒரு அம்மா குரலைத் தாழ்த்தி, "அப்ப போன மாசம் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துல சாப்பிட்ட ஜாங்கிரியும் இதுல இருக்குமா?" என்றார். இருக்கும்மா, என்றேன், ரெண்டு பேருமே சிரித்துவிட்டோம். அப்பாவைத் திட்டாதீர்கள். டாக்டர் திட்டுவாரே என்ற பயத்தில்தான் பலரும் இப்படிச் செய்கிறார்கள், அந்தப் பயத்தை உண்டாக்கியதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு.

கேள்வி: மாத்திரையின் பெயருக்குப் பதில் நிறத்தைச் சொல்வார்களாமே?

"வெள்ளையா, சின்னதா, நடுவுல கோடு போட்டிருக்கும்." அப்படி எத்தனையோ மாத்திரை இருக்கிறது. அட்டையையே கொண்டு வாருங்கள், இல்லையென்றால் போனில் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: "பிபி நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்" என்கிறார் என் மாமா. சரியா?

சரியில்லை. மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மலாக இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

கேள்வி: கேட்டதும் சிரிப்பே வராத பேச்சு உண்டா?

"வெறும் கேஸ்தான் டாக்டர், சோடா குடிச்சேன், ஒரு ஏப்பம் வந்தா சரியாயிடும்." சொல்பவரின் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருக்கும், கை நெஞ்சை விட்டு நகராது. அவரை அப்படியே படுக்க வைத்து முதலில் ஈசிஜி எடுப்போம். சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பில் வலி பெரிதாகத் தெரியாமல் வியர்வை, மூச்சுத்திணறல் மட்டும்கூட வரலாம். அப்போது சோடாக் கடைக்குப் போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கேஸா இல்லையா என்பதை டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு நாங்கள் சொல்கிறோம்.